தெய்வானைக்குப் பதினாறு ஜிபி

பிப்ரவரி 5, திங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ரேம் கூட்ட வேண்டும். இப்போது இருப்பது நாலு ஜிபி. தேவை பதினாறு.

எதற்கு என்பதையும் எழுதிவிடுகிறேன். போன வாரம் கோயம்புத்தூரில் என் மனைவி தெய்வானைக்கு நெஞ்சில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் மேலறைச் சுவரில் பிறந்ததிலிருந்தே ஒரு ஓட்டை இருக்கிறதாம். நுரையீரலிலிருந்து வரும் ரத்தக் குழாய் ஒன்று இடது பக்கம் போய்ச் சேர வேண்டியது, வலது பக்கம் சேர்ந்திருக்கிறது. நெஞ்சைத் திறந்துதான் சரி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன். பத்தொன்பதுக்குள் சம்மதப் படிவத்தில் தெய்வானை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். தவறினால் அந்த நாள் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த நாள் கிடைக்க இரண்டு மாதம் ஆகும்.

டாக்டர் தன் திரையில் காட்டத்தான் செய்தார். கறுப்பும் சாம்பலுமாக வட்டம் வட்டமாக ஏதோ ஓடியது. "எதுங்க சார் ஓட்டை?" என்று தெய்வானை கேட்டாள். அவர் பேனா முனையால் ஓரிடத்தைத் தொட்டார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் நல்ல மனிதர். படங்களை ஒரு டிவிடியில் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், அவிநாசி தாண்டியதும் அவள் சொன்னாள்: "நா என்ற கண்ணால பாக்காம கையெழுத்துப் போட மாட்டேனுங்க."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் படிவத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். இன்றோடு ஐந்து நாள்.

இரண்டு வருடமாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாயுத் தொந்தரவு என்று நினைத்திருந்தோம்.


பிப்ரவரி 6, செவ்வாய்

சிந்துஜாவிடம் போனில் பேசினேன். எங்கள் மகள், சென்னையில் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். அம்மாவின் பிடிவாதத்தைக் கேட்டுச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மா கேக்கறது நியாயந்தானப்பா. அந்தப் படம் எல்லாத்தையும் சேத்து இதயத்த முழுசாவே பாக்கலாம். சாஃப்ட்வேர் இலவசமா கிடைக்குது, லிங்க் அனுப்பறேன். ஆனா நம்ம பழைய சிஸ்டம் தாங்காது. பதினாறு ஜிபி ரேமாச்சும் வேணும். என்ன ரேம்னு பாத்து வாங்குங்க."

"எல்லாம் ரேம்தானே?" என்றேன்.

"அப்பா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள்.

சாஃப்ட்வேரை இறக்கி இருக்கிற நாலு ஜிபியிலேயே ஓட்டிப் பார்த்தேன். டிவிடியில் மூவாயிரத்து இருநூறு படங்கள். எண்ணூற்றுச் சொச்சம் படம் ஏறியதும் நினைவகம் போதவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. அப்புறம் மவுஸ்கூட நகரவில்லை.

பக்கத்து வீட்டு ஐடி பையனிடம் புது லேப்டாப் இருக்கிறது, அதில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். தெய்வானை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "என்ற நெஞ்ச ஊரான் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டறதுங்களா?"


பிப்ரவரி 7, புதன்

டியூட்டி முடிந்து வரும் வழியில் ஒரு கடையில் ரேம் வாங்கினேன். பதினாறு ஜிபி வேண்டும் என்றேன், எடுத்துக் கொடுத்தார்கள். அரைச் சாண் நீளத்தில் பச்சைப் பட்டை, அதில் கறுப்புச் சில்லுகள், கீழ் விளிம்பில் தங்க நிறப் பற்கள். இவ்வளவுதானா என்றிருந்தது.

சிபியூவைத் திறந்தேன். பன்னிரண்டு வருடத் தூசி. தெய்வானை மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தாள். பழைய பட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தேன். உட்காரவில்லை. அழுத்தினேன், அப்போதும் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தப் போனேன்.

"நிறுத்துங்க" என்றாள். இரண்டு பட்டைகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பனியன் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங்கில் இருப்பவள். ஒரு தையல் விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"இங்க பாருங்க. பல்லு வரிசைக்கு நடுவுல ஒரு வெட்டு இருக்குது. பழசுல ஒரு எடத்துல, புதுசுல வேற எடத்துல. உள்ள இருக்கற குழியில மேடு பழசுக்குத் தக்கன இருக்குது. நீங்க அமுத்துனா ஒடஞ்சுதான் போகும்."

உண்மைதான். அரை விரல்கூட இருக்காது அந்த வித்தியாசம். தப்பானதை உள்ளே விடக்கூடாது என்று செய்தவர்களே ஒரு மேடு வைத்திருக்கிறார்கள். நான் அதை உடைக்கப் பார்த்தேன்.


பிப்ரவரி 8, வியாழன்

கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். எங்களுடையது டிடிஆர் 3 வகை, அவர்கள் கொடுத்தது டிடிஆர் 4. பழைய வகை அவர்களிடம் இல்லையாம். ஆன்லைனில் டிடிஆர் 3 என்று போட்டுத் தேடி, எட்டு ஜிபியில் இரண்டு சொல்லியிருக்கிறேன்.

தெய்வானை வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மேஸ்திரி அழைத்து, எத்தனை நாளானாலும் இடம் காத்திருக்கும் என்றாராம்.


பிப்ரவரி 10, சனி

பார்சல் வந்தது. இந்த முறை வெட்டு சரியாக இருந்தது. அவளே சரிபார்த்துத் தலையாட்டினாள். இரண்டு பக்கமும் கட்டை விரலால் அழுத்தியதும் கிளிப்புகள் "டக்" என்று தாமாகவே மூடிக்கொண்டன. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

ஸ்விட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து நீளமாக மூன்று பீப் சத்தம். நிறுத்தம். மறுபடி மூன்று.

கழற்றி மாட்டினேன். இடம் மாற்றி மாட்டினேன். ஒன்றை மட்டும் மாட்டினேன். அதே மூன்று பீப். கடைசியில் பழையதையே மாட்டினேன். அதற்கும் பீப்.

இருந்ததையும் கெடுத்துவிட்டேன்.


பிப்ரவரி 11, ஞாயிறு

டியூட்டி இல்லை. எங்கும் போகவில்லை. தெய்வானை சமையல் முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். அலமாரியில் ஓமத் தண்ணீர் பாட்டில் பாதி இருந்தது. இனி அது எதற்கு என்று கொட்டிவிட்டேன்.


பிப்ரவரி 12, திங்கள்

லீவு போட்டேன். சிபியூவைப் பெட்ஷீட்டில் சுற்றி வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு பன்னீர்செல்வம் பார்க் பக்கம் போனேன். எங்கள் பஸ் கம்பெனியின் டிக்கெட் மிஷின்களைப் பழுது பார்க்கும் ஒரு பெண் அங்கே மாடியில் கடை வைத்திருக்கிறாள் என்று கண்டக்டர் ஒருவர் சொல்லியிருந்தார். பெயர் மெகருன்னிசா. முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துணி, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய பட்டை, மேசை முழுக்கப் போர்டுகள்.

"என்ன போர்டுங்கண்ணா?"

"பச்சை" என்றேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எல்லாமே பச்சைதாங்கண்ணா. நம்பர் இருக்கும் பாருங்க." அவளே திறந்து, டார்ச் அடித்துப் படித்தாள். பழைய பட்டையை எடுத்து, அதன் பற்களைச் சாதாரண ரப்பரால் தேய்த்தாள், பென்சில் எழுத்தை அழிக்கும் அதே ரப்பர். மாட்டினாள். திரை வந்துவிட்டது. பற்களில் அழுக்கு ஏறியிருந்ததாம். கம்ப்யூட்டர் சாகவில்லை. உட்கார்ந்தேன்.

பிறகு நான் ஆன்லைனில் வாங்கியவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெட்டு சரிதான், வோல்ட்டும் சரிதான். ஆனா இதுல சில்லு பதினாறு இருக்குது, அடுக்குன விதமும் வேற. வேற கம்பெனி பிராசஸருக்குன்னே பண்ணுனது. உங்க போர்டுக்கு இத எண்ணத் தெரியாதுங்கண்ணா. 'உள்ள யாரோ இருக்காங்க, ஆனா யாருன்னு தெரியல'ன்னு சொல்லுதே, அந்தச் சத்தந்தான் அது."

எங்கள் போர்டில் இரண்டே குழிகள். ஒரு குழிக்கு எட்டு ஜிபிக்கு மேல் ஏற்காது. ஆகவே எட்டும் எட்டும், இரண்டும் ஒரே மாதிரி, ஒரே வேகம். பழைய நாலை அவற்றோடு கலக்க வேண்டாம். இவ்வளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

"எதுக்குங்கண்ணா பதினாறு? கேம் ஆடற பசங்க இருக்காங்களா?"

சொல்ல நினைக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். அவள் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அக்கா பாக்கட்டும்" என்றாள். "கோயமுத்தூர்ல பிரௌசிங் சென்டர் ஒண்ண மூடறாங்க. அங்க இருக்கற சிஸ்டமெல்லாம் உங்க போர்டு காலத்தோடதுதான். ஆறு பீஸ் எடுத்துட்டு வரச் சொல்றேன். வியாழக்கிழமை வந்துரும். அதுக்கு முன்ன வராதுங்கண்ணா, ஏமாத்த மாட்டேன்."

வியாழன் என்றால் பதினைந்து.

சிபியூவை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பும்போது அந்தப் பட்டையைக் காட்டி, இதற்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

"அறைங்கண்ணா. எட்டு ஜிபின்னா ஆறாயிரத்து எண்ணூறு கோடிக்கு மேல. ஒவ்வொரு அறையிலயும் ஒரு துளி மின்சாரம் இருக்கும், இல்ல இருக்காது. அவ்வளவுதான் விஷயம். ஆனா வெச்ச துளி நிக்காது, ஒழுகிரும். அதனால ஒழுகறதுக்குள்ள படிச்சுப் படிச்சு மறுபடி எழுதிட்டே இருக்கோணும். விநாடிக்குப் பதினாறு தடவ, எல்லா அறையையும்."

"யார் எழுதறது?"

"அதுவேதான்."

வண்டியில் வரும்போது காளைமாட்டுச் சிலை சிக்னலில் பச்சை விழுந்தும் நான் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஆறாயிரத்து எண்ணூறு கோடி. உலகத்தில் மனிதர்களே அவ்வளவு இல்லை.


பிப்ரவரி 13, செவ்வாய்

டியூட்டி. பழனி வண்டி இரண்டு நிமிடம் தாமதம், கரூர் வண்டி ஒரு நிமிடம். சிவப்பு மையில் குறித்தேன். பதினெட்டு வருடமாக இதுதான் என் வேலை. பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி ஒரு நிமிடம் பிந்தினாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று டிரைவர்கள் சொல்வார்கள்.

மாலையில் தெய்வானை கடைக்குப் போய்விட்டுப் படியேறி வந்தாள். மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மாடி ஏற ஆறு நிமிடம்.

இதை முன்பு எப்போதும் கணக்கிட்டதில்லை.


பிப்ரவரி 15, வியாழன்

ஆறு பட்டைகளும் வந்துவிட்டன. மெகருன்னிசா உடனே மாட்டிக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும் என்றாள். அதற்கென்று ஒரு புரோகிராம், நீலத் திரையில் எண்களாக ஓடுகிறது. எல்லா அறைக்குள்ளும் ஒன்றை எழுதுகிறது, திரும்பப் படிக்கிறது, எழுதியதுதான் இருக்கிறதா என்று பார்க்கிறது. அடுத்து அதற்கு எதிரானதை எழுதுகிறது. சலிப்பதே இல்லை.

டியூட்டி இடைவேளையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். முதல் பட்டை நாற்பது நிமிடம் சுத்தமாக ஓடியது. திடீரென்று ஒரே ஒரு சிவப்பு வரி.

"ஒண்ணே ஒண்ணுதானே? பரவாயில்லையா?" என்றேன்.

"அந்த அறை பொய் சொல்லுதுங்கண்ணா. ஒண்ணு வெச்சா இல்லங்குது. அக்காவோட படத்துல எந்தப் புள்ளி அதுல போய் உக்காருமோ, யாருக்குத் தெரியும்?" என்று கழற்றித் தனியாக வைத்துவிட்டாள்.

ஆறாயிரத்து எண்ணூறு கோடியில் ஒன்று. அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது என்பதே எனக்கு நம்ப முடியாததாக இருந்தது.


பிப்ரவரி 16, வெள்ளி

ஆறில் மூன்று சுத்தம். அவற்றில் இரண்டு ஒரே மாதிரி. மாட்டிக்கொடுத்தாள். காசு பிறகு என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து போட்டேன். பதினாறு ஜிபி என்று திரையே சொன்னது. தெய்வானை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முடியைக்கூடக் கோதிக்கொண்டாள், போட்டோ எடுக்கப் போவதுபோல.

எண்ணூற்றுச் சொச்சம் படம் ஏறியதும், நினைவகம் போதவில்லை. அதே பெட்டி, அதே இடத்தில்.

தெய்வானை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மெகருன்னிசாவுக்குப் போன் செய்தேன். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படிக்கச் சொன்னாள். பதினாறு ஜிபி என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "பயன்படுத்தக்கூடியது 3.4" என்று சின்னதாக இருந்தது. நான் கவனிக்கவே இல்லை.

"அய்யோ, அண்ணா! நாங் கேக்க மறந்துட்டேன். உங்க விண்டோஸ் முப்பத்திரண்டு பிட். அது எவ்வளவு குடுத்தாலும் நாலுக்கு மேல எண்ணாது. அறுபத்திநாலு போடோணும். நாளைக்கு நானே வர்றேன். தப்பு என்மேல."

பதினாறு வீடு கட்டிவைத்தாலும் நாலுக்கு மேல் எண்ணத் தெரியாதவனிடம் சாவி இருந்திருக்கிறது.


பிப்ரவரி 17, சனி

மெகருன்னிசா காலை பத்துக்கு ஸ்கூட்டியில் வந்தாள். சிந்துஜாவின் பள்ளிக்கூடப் போட்டோக்களையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டாள். நாலு மணி நேரம் ஆனது. தெய்வானை அவளுக்குத் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கும் செய்துகொடுத்தாள். இரண்டு பேரும் நான் இருப்பதை மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பயமா இருக்குதுங்களாக்கா?"

"அறுக்கறதுக்குப் பயமில்ல கண்ணு. ரெண்டு பிரசவமும் பாத்தவ, ஒண்ணு தங்கல. என்னமோன்னு தெரியாம மேசையில படுக்கறதுதான் பயமா இருக்குது. தப்பு எங்கீன்னு தெரிஞ்சா போதும். அப்பறம் அவங்க பாத்துக்குவாங்க."

அந்தத் தங்காத குழந்தையைப் பற்றி அவள் பேசி எத்தனையோ வருடமாகிறது. சரியாகச் சொன்னால், என்னிடம் பேசி.

மெகருன்னிசா எல்லாம் முடித்ததும், "இனி நீங்க ரெண்டு பேருமா பாருங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

தெய்வானை களைத்துப் போயிருந்தாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றாள்.


பிப்ரவரி 18, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை பதினொன்று பத்துக்கு டிவிடியைப் போட்டோம். எண்ணூறைத் தாண்டியது. ஆயிரம். இரண்டாயிரம். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்று தெய்வானை பின்னால் சொன்னாள். மூவாயிரத்து இருநூறும் ஏறியது. சிந்துஜா சொல்லிக்கொடுத்த பட்டனை அழுத்தினேன்.

முதலில் எலும்புகள் வந்தன. தந்த நிறத்தில் விலா எலும்புக்கூடு, நடுவே மார்பெலும்பு, பின்னால் முதுகெலும்பு.

"இது நானுங்களா?"

"நீதான்."

எலும்பை மறைப்பதற்கான ஸ்லைடரை மவுஸால் மெதுவாக இழுத்தேன். விலாக்கள் பனி கரைவதுபோலக் கரைந்தன. உள்ளே சிவப்பாக அது நின்றது. ஸ்கேன் எடுக்கும்போது ரத்தத்தில் சாயம் ஏற்றினார்களே, அந்தச் சாயம் போன இடமெல்லாம் வடிவமாகத் தெரிந்தது. வளைந்து இறங்கும் பெரிய குழாய். அதன் அடியிலிருந்து தலைமுடி போல மெல்லிய குழாய்கள் படர்ந்து இதயத்தையே தழுவியிருந்தன. ஒவ்வொன்றும் எங்கோ தொடங்கி எங்கோ போய்ச் சேர்ந்தது. தேவையில்லாமல் ஒன்றுகூட இல்லை.

மவுஸை அவள் கையில் கொடுத்தேன். திருப்பினாள். இதயம் அவள் கைக்குத் திரும்பியது.

ஓட்டும் பட்டனை அழுத்தினேன். பத்து நிலைகளாக எடுத்திருந்தார்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓட, அது துடிக்க ஆரம்பித்தது. சுருங்கியது, விரிந்தது, லேசாகத் திருகிக்கொண்டது, துணியைப் பிழிவதுபோல. துடிப்பது என்றால் குதிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அது பிழிகிறது.

தெய்வானை இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பிறகு நான் அவள் பக்கம் திரும்பவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் படுத்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை.

"இந்தப் பக்கம் பெருசா இருக்குதே?" என்றாள்.

"வலது பக்கம். அந்தக் குழாய் மாறி வந்து சேர்ந்ததால ரத்தம் அதிகமா வருது. அவ்வளவையும் இதுதான் தள்ளிட்டு இருக்குது. தள்ளித் தள்ளிப் பெருத்துடுச்சுன்னு டாக்டர் சொன்னாரே."

"எத்தன வருசமா?"

"பிறந்ததிலிருந்து."

"நாப்பத்திரண்டு வருசமாவா?" என்று கேட்டுவிட்டு, "சிந்து வயித்துல இருந்தப்பவும் இப்படியேதான் தள்ளிட்டு இருந்துச்சா?" என்றாள்.

"ஆமா."

"ஒரு நா லீவு போடல."

ரிப்போர்ட்டில் இருந்த ஆங்கில வரியை நான் தமிழில் எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்தேன். வலது நுரையீரலின் மேல் குழாய், மேலிருந்து இறங்கும் பெரிய சிரையில் சேர்கிறது. அவள் இதயத்தை ஒவ்வொரு விரற்கடையாகத் திருப்பினாள். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மேசைமேல் பனியனை விரித்துத் தடவிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

"இதா" என்றாள். விரல் திரையில் இருந்தது. "இடது பக்கத்துக் கொழாயெல்லாம் வரிசையா உள்ள போகுது பாருங்க. வலது பக்கம் கீழ இருக்கறதும் போகுது. இது ஒண்ணு மட்டும் மேல திரும்பி அங்க போய் ஒட்டியிருக்குது. ஜாயின்ட் மாறிப் போச்சு."

பார்த்தேன். அவள் காட்டிய பிறகு அது மட்டும்தான் தெரிந்தது. சுண்டுவிரல் கனத்தில் ஒரு குழாய், போக வேண்டிய இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில், போகாமல்.

"பிரிச்சுத் தெக்கிற வேலைதானுங்க. நாங்க இத ரிஜெக்ட்ல போட மாட்டோம்" என்றாள். "சரி பண்ணறதுக்கு ஆல்டர்ல போடுவோம்."

சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப ரெண்டு வருசமா நாஞ் சொன்னது…" என்று ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள்.

நான் படத்தை இன்னும் பெரிதாக்கினேன்.


பிப்ரவரி 19, திங்கள்

கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயரையும் எழுதினாள். நானே எடுத்துப்போய்க் கொடுத்தேன். பகல் 12.35.


பிப்ரவரி 21, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. சிந்துஜா நேராக இங்கேயே வந்துவிட்டாள். சாயங்காலம் அவள் கீழே பழம் வாங்கப் போனபோது நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். தெய்வானை பச்சை உடையில் கட்டிலில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாயுன்னு சொன்னது நான்தான்" என்றேன். "ஓமத் தண்ணி குடின்னு சொன்னதும் நான்தான். சும்மா ஒரு செலவுன்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகல."

"தெரியுமுங்க."

"ஏன் அப்படிப் பண்ணுனீங்கன்னு நீ என்னக் கேட்கவே இல்ல."

"நா பாக்கோணும்னு சொன்னது ஒரே ஒரு தடவ. நீங்க அந்தச் சிபியூவத் தூக்கிட்டு ரெண்டு வாரமா ஓடுனீங்க. ராத்திரியெல்லாம் அந்தச் சீட்டப் படிச்சிட்டு இருந்தீங்க. எதுக்கு ஓடறீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். "ஆனா உங்க வாயால சொல்லிக் கேக்கோணும்னு இருந்துச்சு. கேட்டாச்சு."

தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.


பிப்ரவரி 22, வியாழன்

7.40 உள்ளே கூட்டிப் போனார்கள். 1.15 டாக்டர் வெளியே வந்தார்.

சுவரை அடைத்து, குழாயை இடது பக்கம் திருப்பிவிட்டார்களாம். தைப்பதற்காக ஐம்பத்திரண்டு நிமிடம் இதயத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த நேரம் அவள் ரத்தம் ஒரு மிஷினுக்குள் போய்ச் சுற்றி வந்திருக்கிறது.

"பிறகு எப்படி சார் ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க ஆரம்பிக்கல. ரத்தத்த உள்ள விட்டதும் அதுவாவே அடிக்க ஆரம்பிச்சிருச்சு."

அந்த ஐம்பத்திரண்டு நிமிடத்தில் நான் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சுற்றிலும் எல்லாரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.


பிப்ரவரி 23, வெள்ளி

கண் திறந்தாள். குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. என் கையை அழுத்தினாள்.


பிப்ரவரி 27, செவ்வாய்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நடக்கிறாள். நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொண்டுதான் இருமுகிறாள்.

பக்கத்துக் கட்டிலில் கொடுமுடியிலிருந்து வந்த ஒரு பெண். பெயர் பாவாத்தாள். நாளை அவளுக்கு வால்வு மாற்றுகிறார்கள். காலையிலிருந்து அழுதுகொண்டே இருந்தாள். மகன் அதட்டிப் பார்த்தான், நர்ஸ் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அடங்கவில்லை.

மதியம் நான் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பியபோது வார்டு சத்தமில்லாமல் இருந்தது. தெய்வானை மெல்ல எழுந்துபோய் அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது கையைக் குவித்துப் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவதுபோல மெதுவாகத் திருகிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"குதிக்காதுங்கக்கா. இப்படிப் பிழியும். அப்பறம் விட்டுரும். மறுக்காவும் பிழியும். உங்க வால்வு இங்க இருக்கும், கதவு மாதிரி. சரியா மூடாததால பிழிஞ்ச ரத்தம் பின்னால வருது. அதத்தான் மாத்தறாங்க. மத்த எல்லாம் உங்களோடதுதான், அப்படியே இருக்கும்."

"உனக்கு எப்படி அம்மணி இதெல்லாந் தெரியும்? நீ நர்ஸா?"

"பனியன் கம்பெனிங்க" என்றாள் தெய்வானை. "நா என்னோடத பாத்துட்டேன்."

பாவாத்தாள் அழுகையை நிறுத்தியிருந்தாள். சந்தேகத்தோடு தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு விரல்களைக் குவித்து, ஒரு முறை மெல்லத் திருகிப் பார்த்தாள்.

நான் மாத்திரையோடு வாசலிலேயே நின்றேன்.